ரஷ்ய யதார்த்த நாவல்கள்: எதில் தொடங்குவது, எதைப் பிடித்துப் பேசுவது?

தேரேகால்:
வணக்கம். தக்கலையில் மாதம் ஒரு ஞாயிறு கூடும் வாசிப்புக் குழுவுக்காகக் கேட்கிறேன். ஜூனில் தொடங்கி நவம்பர் வரை ஆறு அமர்வும் பத்தொன்பதாம் நூற்றாண்டு ரஷ்ய யதார்த்தப் புனைவுக்கே என்று முடிவாகியிருக்கிறது. வருகிறவர்கள் தமிழ் நாவல் நிறைய வாசித்தவர்கள், ஆனால் ரஷ்யப் பக்கம் சில சிறுகதைகளோடு நின்றுவிட்டவர்கள்.

எந்த வரிசையில் போனால் கடைசி மாதம்வரை ஆள் குறையாது? எந்த நாவலில் எந்த இடத்தில் ஆட்கள் புத்தகத்தை மூடிவைக்கிறார்கள், ஏன்? இன்னொன்று, இதுதான் முக்கியம். 'கருப்பொருள்' என்று பேச்சைத் தொடங்கினாலே "வறுமை, பாவம், மன்னிப்பு" என்று மூன்று சொல்லில் பேச்சு தீர்ந்துபோகிறது. அதற்குமேல் பேச எதைப் பிடிப்பது?

வேளிமலை:
அக்கா, மூன்றாவது கேள்வியிலிருந்து வருகிறேன். அது சரியானால் மற்ற இரண்டும் தானே வழிக்கு வரும்.

ரூபிளை எண்ணச் சொல்லுங்கள். ரஷ்ய யதார்த்தவாதிகள் மாதிரிச் சம்பளம், வட்டி, கடன், நில விலை எல்லாவற்றையும் கறாராக எழுதிவைத்தவர்கள் குறைவு. கருப்பொருள் அந்தக் கணக்குக்குள்ளேதான் இருக்கிறது. கோகலின் 'மேலங்கி' (1842) எடுங்கள். குமாஸ்தா அக்காக்கி அக்காக்கியெவிச்சுக்கு வருடச் சம்பளம் 400 ரூபிள். தையல்காரர் பெத்ரோவிச் புதுக் கோட்டுக்கு முதலில் வாய்கூசாமல் 150 சொல்கிறார். 80க்குள் முடித்துவிடலாம் என்று இவருக்குத் தெரியும். அந்த 80 வருடச் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு. செலவழிக்கும் ஒவ்வொரு ரூபிளுக்கும் ஒரு சிறு காசு பெட்டியில் போட்டு, பல வருடமாகச் சேர்ந்தது 40தான். மீதிக்கு என்ன செய்கிறார் பாருங்கள். மாலைத் தேநீரை நிறுத்துகிறார், மெழுகுவர்த்தி ஏற்றுவதில்லை, செருப்பின் அடி தேயாமல் இருக்கத் தெருவில் விரலூன்றி நடக்கிறார், துணி வெளுக்கும் கூலி மிச்சமாக வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் கழற்றிவைத்து ஒரு பழைய அங்கியோடு உட்கார்ந்திருக்கிறார். எதிர்பாராமல் அலுவலகத்தில் 40க்குப் பதில் 60 ரூபிள் கொடுக்கிறார்கள். அதனால் கோட்டு வருகிறது. கழுத்துப்பட்டைக்கு மார்ட்டென் என்ற விலையுயர்ந்த ரோமம் வாங்க முடியாமல் பூனைத்தோல் வைக்கிறார்கள், தூரத்திலிருந்து பார்த்தால் மார்ட்டென் மாதிரியே இருக்குமாம். 'சிறிய மனிதன்' என்று விமர்சகர்கள் சொல்வது இந்தப் பூனைத்தோலைத்தான். "ஏழைக் குமாஸ்தாவின் சோகம்" என்று யாராவது தொடங்கினால் இந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், சிரிப்பும் வரும். சிரிப்பு வராமல் கோகலை வாசித்தால் பாதிதான் வாசித்தது.

பதவியையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். 1722இல் முதலாம் பீட்டர் கொண்டுவந்த பதவி அட்டவணையில் 14 படி. அக்காக்கி ஒன்பதாம் படி. கதை வெளிவந்த காலத்தில் எட்டாம் படி ஏறினால் பரம்பரைப் பிரபு அந்தஸ்து கிடைக்கும். ஆயுள் முழுக்க வாசலுக்கு ஒரு படி கீழே நிற்கிற ஆள் இவர். அன்றைய வாசகருக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது, நமக்குத் தேவை. ஒரு வெள்ளைத்தாளில் 14 படியையும் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள், ஆறு மாதமும் உதவும்.

தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' (1866) முதல் அத்தியாயத்தில் அடகு வைக்கும் காட்சி. படிப்பை விட்ட ஏழை மாணவன் ரஸ்கோல்னிகவ் கொண்டுவந்த கடிகாரத்துக்கு, பின்னால் அவன் கையாலேயே சாகப்போகிற வட்டிக்காரக் கிழவி ஒன்றரை ரூபிள் மதிப்புப் போடுகிறாள். வட்டி மாதம் ரூபிளுக்குப் பத்து கோபெக் (நூறு கோபெக் ஒரு ரூபிள்), அதாவது நூற்றுக்குப் பத்து, முன்வட்டி. ஒன்றரை ரூபிளுக்குப் பதினைந்து கோபெக் பிடிக்கிறாள். போன முறை வாங்கிய இரண்டு ரூபிளுக்கும் இருபது பிடிக்கிறாள். கையில் வருவது ஒரு ரூபிள் பதினைந்து கோபெக். இந்தக் கணக்கை அவள் வாயாலேயே போடவைக்கிறார் தஸ்தயேவ்ஸ்கி. பின்னால் அம்மாவின் கடிதம் வருகிறது. வருடம் 120 ரூபிள் பென்ஷன், அதன்மேல் கடன் வாங்கி மகனுக்கு 15 அனுப்பியிருக்கிறாள். குடும்பத்துக்காக உடலை விற்கப்போகும் சோனியா முதல் முறை வெளியே போய்விட்டு வந்து மேஜைமேல் வைப்பது 30 ரூபிள். மூன்று எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். "பாவம்" என்று பொதுவாகப் பேச யாருக்கும் வாய் வராது.

வரிசைக்கு வருகிறேன். ஜூனில் 'மேலங்கி' மட்டும் போதும், ஒரே உட்காரலில் முடியும். ஜூலையில் துர்கனேவின் 'தந்தையரும் தனயரும்' (1862), அளவான நாவல், பேச்சு நிறைய. ஆகஸ்டும் செப்டம்பரும் 'குற்றமும் தண்டனையும்'. எம்.ஏ. சுசீலாவின் மொழிபெயர்ப்பு இருக்கிறது. முதல் மூன்று பாகம் ஒரு மாதம், மீதி மூன்றும் பின்னுரையும் அடுத்த மாதம். அக்டோபரில் டால்ஸ்டாயின் 'இவான் இலியிச்சின் மரணம்' (1886), நவம்பரில் செகாவ். 'அன்னா கரேனினா', 'கரமசோவ் சகோதரர்கள்', 'போரும் வாழ்வும்' மூன்றையும் இந்த ஆறு மாதத்துக்குள் திணிக்காதீர்கள். திணித்தால் செப்டம்பரில் நாலு பேர்தான் வருவார்கள்.

விட்டுப்போகும் இடம் கேட்டீர்கள். 'குற்றமும் தண்டனையும்' இரண்டாம் பாகம். கொலை முதல் பாகத்தின் கடைசியிலேயே முடிந்துவிடுகிறது. அதன்பின் காய்ச்சல், பிதற்றல், ஆட்கள் அறைக்குள் வருவதும் போவதும். துப்பறியும் கதை எதிர்பார்த்தவர்கள் அங்கேதான் வைத்துவிடுவார்கள். "கொன்றது யார் என்று முதலிலேயே தெரியும், ஏன் கொன்றான் என்பது அவனுக்கே தெரியாது, மீதி ஐந்து பாகமும் அதுதான்" என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் போதும்.

சங்குத்துறை:
வேளிமலை அண்ணாச்சி சொல்வதில் முக்கால்வாசி ஒத்துக்கொள்கிறேன். கால்வாசி இடிக்கிறது.

அந்தக் கிழவியிடம் ரஸ்கோல்னிகவ் எடுத்த பணப்பையில் 317 ரூபிளும் மூன்று இருபது கோபெக் நாணயமும் இருந்தன. அவன் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு முற்றத்தில் பெரிய கல்லுக்கடியில் போட்டுவிட்டுப் போய்விட்டான். விசாரணையில் இவ்வளவு இருந்தது என்று தனக்குத் தெரியாது என்கிறான். எதற்காகக் கொன்றானோ அதை எண்ணிப் பார்க்காத கொலைகாரனை நீதிபதிகளால் நம்பவே முடியவில்லை. வறுமைதான் காரணம் என்றால் இந்த இடம் நாவலிலேயே ஒட்டாது. அவனை நடத்தியது அவன் எழுதிய கட்டுரை. சாதாரணர், அசாதாரணர் என்று மனிதர் இரண்டு வகை, நெப்போலியன் மாதிரி ஆட்களுக்கு ரத்தம் சிந்தும் உரிமை உண்டு என்கிற சரக்கு. 1860களில் ரஷ்ய இளைஞர் நடுவே சுற்றிக்கொண்டிருந்த கணக்குவழக்கு நியாயத்தின் உச்சம் அது: ஒரு கிழவி செத்தால் நூறு பேர் பிழைப்பார்கள், எண்ணிக்கை சரிதானே என்று. ரூபிளை எண்ணுவதையே நியாயமாக எடுத்துக்கொள்பவனின் கதையை ரூபிள் எண்ணியே வாசிப்பதா?

அதனால் ஆகஸ்ட் அமர்வுக்கு முன்னால் ஒரு விஷயம் சொல்லிவிடுங்கள். செர்னிஷேவ்ஸ்கி 1863இல் சிறையிலிருந்து எழுதிய 'என்ன செய்யவேண்டும்?' நாவல், மனிதன் தன் நலனைச் சரியாகக் கணக்கிட்டால் நல்லவனாகிவிடுவான் என்றது. மறு வருடமே 'நிலவறைக் குறிப்புக'ளில் தஸ்தயேவ்ஸ்கி பதில் கொடுத்துவிட்டார். இரண்டை இரண்டால் பெருக்கினால் நான்கு என்பது அங்கே ஒரு அவமானமாகவே படுகிறது. துர்கனேவ் நாவலின் பசாரவ், நிலவறை மனிதன், ரஸ்கோல்னிகவ், இவான் கரமசோவ் நாலு பேரும் ஒரே சண்டையில் நிற்பவர்கள். அதை விட்டுவிட்டால் இது வட்டிக்கடை இலக்கியம் ஆகிவிடும்.

வாசகர்கள் தவறிவிழும் இன்னொரு இடம்: பாத்திரம் பேசுவதை ஆசிரியரின் கருத்து என்று எடுத்துக்கொள்வது. இவான் கரமசோவ் குழந்தைகளின் துன்பத்தைப் பற்றிச் சொல்வதை மேற்கோளாகப் போட்டு "தஸ்தயேவ்ஸ்கி சொன்னார்" என்பார்கள். தனக்கு ஒவ்வாத கட்சிக்கு மிகப் பலமான வாதத்தைக் கொடுப்பதுதான் அவர் கைவேலை. ரஷ்ய விமர்சகர் பக்தின் 1929இல் எழுதிய புத்தகம் முழுக்க இதைப் பற்றித்தான்.

வேளிமலை:
சங்குத்துறை, நான் சொன்னதுக்கு நீங்களே சாட்சி சொல்லிவிட்டீர்களே. கிழவி எண்ணுகிறாள், அம்மா எண்ணுகிறாள், சோனியாவின் அப்பா மர்மெலாதவ் எண்ணுகிறான், நண்பன் ரஸுமீகின் பழைய துணி வாங்கிவந்து பைசா பைசாவாகக் கணக்கு ஒப்புவிக்கிறான். நாவல் முழுக்க எல்லோரும் எண்ணுவதால்தான் எண்ணாத ஒரே பை முள்ளாகக் குத்துகிறது. 317ஐ ஆசிரியர் எண்ணியிருக்கிறார், பாத்திரம்தான் எண்ணவில்லை.

கரமசோவிலும் இப்படித்தான். அப்பாவைக் கொன்றதாக மாட்டிக்கொண்ட மூத்தவன் மீத்யா, மோக்ரொயெ என்ற ஊரில் செலவழித்த பிறர் பணம் மூவாயிரமா ஆயிரத்தைந்நூறா என்பதில்தான் வழக்கே தொங்குகிறது. பாதியைத் துணியில் தைத்துக் கழுத்தில் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறான். திருப்பிக் கொடுக்க வாய்ப்பு இருக்கும்வரை தான் அயோக்கியன்தான், திருடன் இல்லை என்று அவனுக்கு ஒரு நியாயம். மானம் என்கிற கருப்பொருளை 1,500 ரூபிளில் தைத்து வைத்திருக்கிறார்.

பழையாற்றங்கரை:
இரண்டு பேரும் பீட்டர்ஸ்பர்க்கை விட்டு வெளியே வரமாட்டீர்களோ? நிலத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. நம்ம ஊர் ஆட்களுக்கு உடனே பிடிபடுவது அதுதான்.

துர்கனேவ் நாவல் தொடங்கும் நாள் 1859 மே 20. நிக்கொலாய் கிர்சானவ் மகனுக்காகச் சாலையோர விடுதியில் காத்திருக்கிறார். அவருடைய சொத்தை ஆசிரியர் இரண்டு அளவையில் சொல்கிறார்: இருநூறு 'ஆன்மா', அதாவது பண்ணையடிமை. குடியானவர்களோடு நிலத்தைப் பிரித்துக்கொண்டபின் அவரே சொல்லிக்கொள்ளும் கணக்கில் இரண்டாயிரம் தெஸ்யத்தீனா, சுமார் ஐயாயிரம் ஏக்கர். ஆளை எண்ணிச் சொத்து சொன்ன காலம் நிலத்தை அளந்து சொத்து சொல்லும் காலமாக மாறுவது அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. பண்ணையடிமை ஒழிப்பு வந்தது 1861இல். நாவல் வெளிவந்தது அதற்கு மறுவருடம், கதை நடப்பது இரண்டு வருடம் முந்தி. வாசகருக்கு முடிவு தெரியும், பாத்திரங்களுக்குத் தெரியாது.

அதே 1859 ஜூலை 26இல்தான் அன்று நம்ம குமரிப் பக்கத்தை ஆண்ட திருவிதாங்கூர் அரசு நாடார் பெண்களுக்கு மேலாடை உரிமை அறிவித்தது, உயர்சாதிப் பெண்கள் போல அணியக்கூடாது என்ற நிபந்தனையையும் சேர்த்து. அடிமைமுறை ஒழிப்பு அறிவிப்பு இங்கே 1855. பண்டாரவக (அரசு) நிலத்தில் குடியானவருக்கு உரிமை கொடுத்த பாட்ட அறிவிப்பு 1865. இரண்டு நாட்டையும் ஒன்றாக்கச் சொல்லவில்லை, காரணங்கள் வேறு வேறு. ஆனால் மேலிருந்து வரும் விடுதலை எப்போதும் ஒரு 'ஆனால்' வைத்துக்கொண்டு வரும் என்பதை இந்த மாவட்டத்தில் யாருக்கும் விளக்கவேண்டாம். ரஷ்யாவில் அந்த 'ஆனால்' மீட்புத்தொகை. நில விலையில் பெரும்பகுதியை அரசு பண்ணையாருக்குக் கொடுத்துவிடும், குடியானவன் அதை வருடம் ஆறு சதவீதமாக 49 வருடம் அரசுக்குக் கட்டவேண்டும். ஒருவழியாக ரத்தானது 1907இல். வீட்டுவேலை அடிமைகளுக்கு நிலமே இல்லை. செகாவின் கிராமத்துக் கதைகளில் வரி பாக்கி, வரி பாக்கி என்று வந்துகொண்டே இருக்கிறதே, அதன் வேர் இங்கே. 'குடியானவர்கள்' (1897) கதையில் பாக்கிக்காக ஊர்த்தலைவன் சமோவர் என்ற தேநீர்க் கொதிகலனைத் தூக்கிக்கொண்டு போவான். வீட்டில் கௌரவம் என்று இருந்ததே அது ஒன்றுதான்.

கோகலின் 'இறந்த ஆன்மாக்கள்' முழு மோசடியும் இந்த ஆள்கணக்கின் ஓட்டையில்தான் நடக்கிறது. அடுத்த கணக்கெடுப்புவரை செத்த அடிமைக்கும் பண்ணையார் தலைவரி கட்டவேண்டும். சிச்சிக்கவ் என்ற மோசடிக்காரன் அந்தச் செத்தவர்களைக் காகிதத்தில் வாங்கி, உயிரோடு இருப்பதாக அரசு நிதிச் சபையில் அடகுவைத்துத் தலைக்கு 200 ரூபிள் வாங்கத் திட்டம் போடுகிறான். சொபாகெவிச் என்ற பண்ணையார் ஒரு பிணத்துக்கு 100 ரூபிளில் பேரத்தைத் தொடங்கி இரண்டரையில் முடிக்கிற இடத்தை மட்டுமாவது ஜூனில் 'மேலங்கி'யோடு சேர்த்து வாசியுங்கள். செத்த தச்சனின் கைத்திறமையை அவன் புகழ்ந்து தள்ளுவான்.



'அன்னா கரேனினா'வை அடுத்த வருடத்துக்குத் தள்ளினாலும் இரண்டாம் பாகத்தில் அன்னாவின் அண்ணன் ஸ்தீவா காட்டை விற்கும் அத்தியாயங்களை இந்த வருடமே வாசித்துவிடலாம். விலை 38,000 ரூபிள், கையில் எட்டாயிரம், மீதி ஆறு வருடத் தவணை. நண்பன் லெவின் கேட்பது ஒரே கேள்வி: மரத்தை எண்ணினாயா? ஸ்தீவா கடல் மணலை எண்ணுவதா என்று கவிதை பேசுகிறான். லெவின் கணக்குப்படி வியாபாரிக்கு முப்பதாயிரம் சும்மா போகிறது. குலசேகரம் பக்கம் ரப்பர் மரத்தை எண்ணாமல் வெட்டுக்குக் கொடுத்தவனை என்ன சொல்வார்களோ அதையேதான் லெவினும் நினைக்கிறான், நாகரிகமாகச் சொல்கிறான். பிரபுக்குலம் அழிவது என்ற பெரிய கருப்பொருளுக்கு இதைவிடச் சின்ன வாசல் கிடையாது.

தேரேகால்:
எல்லோருக்கும் நன்றி. 14 படித் தாளும் ரூபிள் கணக்கும் எடுத்துக்கொண்டேன். சண்டையையும் அப்படியே ஆகஸ்டுக்குக் கொண்டுபோகிறேன். இரண்டு சந்தேகம். பெயர்க் குழப்பத்துக்கு என்ன செய்வது? ஒரே ஆளுக்கு நாலு பெயர் என்று இப்போதே முனகுகிறார்கள். இன்னொன்று, டால்ஸ்டாயில் 'இவான் இலியிச்' ஒன்றே ஒன்று போதுமா? ஒருவர் 'போரும் வாழ்வும்' வாசித்தே தீருவேன் என்று நிற்கிறார்.

பேச்சிப்பாறை:
பெயர் லேசுதான் அக்கா. மூன்று துண்டு: சொந்தப் பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர். ரொதியோன் ரொமானவிச் ரஸ்கோல்னிகவ் என்றால் ரொமானின் மகன் ரொதியோன். தங்கை அவ்தோத்யா ரொமானவ்னா, அதே அப்பா, பெண்பால் விகுதி. முன்பெயரும் அப்பா பெயரும் சேர்த்துக் கூப்பிட்டால் மரியாதை. ரோத்யா, தூன்யா, சோனியா என்றால் வீட்டுக்குள் கூப்பிடுவது. வெறும் குடும்பப் பெயர் என்றால் அலுவலகம், போலீஸ், கல்லூரிச் சேக்காளி. யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று பார்த்தாலே அந்த அறையில் யார் மேலே யார் கீழே என்று தெரிந்துவிடும். அதனால் பட்டியல் போடும்போது பெயர்களை மட்டும் எழுதாதீர்கள், யார் அப்படிக் கூப்பிடுவது என்றும் பக்கத்தில் எழுதுங்கள். தேதியில் குழம்பினால், பழைய ரஷ்ய நாட்காட்டி அந்த நூற்றாண்டில் நம்முடையதுக்கு 12 நாள் பின்னால்.

'இவான் இலியிச்' ஒரு அமர்வுக்குத் தாராளம். ஆனால் மரணம், மரணம் என்று தொடங்கவேண்டாம். முதல் அத்தியாயத்தை நிதானமாக வாசியுங்கள். சாவுச் செய்தியைப் பத்திரிகையில் பார்த்ததும் சக நீதிபதிகளின் மனதில் ஓடுவது, அந்த இடம் காலியானால் யார் யாருக்கு மாறுதல், எவ்வளவு கூடும் என்பது. துக்கம் கேட்க வந்தவரிடம் விதவை அழுதுகொண்டே விசாரிப்பது, அரசிடமிருந்து இன்னும் கொஞ்சம் பணம் பெற வழியுண்டா என்று. நடுவில் அவள் கறுப்புச் சால்வையின் லேஸ் மேஜையில் மாட்டிக்கொள்கிறது, வந்தவர் எழுந்தால் ஸ்பிரிங் கெட்ட இருக்கை துள்ளுகிறது. துக்கவீட்டுக் காட்சியை இவ்வளவு இரக்கமில்லாமல் எழுதியவர் அரிது. நோய்க்குத் தொடக்கமும் இதே ரகம்தான்: 5,000 ரூபிள் சம்பளத்தில் புது வேலை, புது வீடு, திரைச்சீலை எப்படித் தொங்கவேண்டும் என்று ஏணியில் ஏறிக் காட்டும்போது வழுக்கி ஜன்னல் குமிழில் விலா இடிக்கிறது. பின்னால் வலி தாங்காதபோது அவர் காலைத் தோளில் தாங்கிக்கொண்டு இரவெல்லாம் உட்காருவது கெராசிம் என்ற வேலைக்காரப் பையன். வீட்டில் பொய் சொல்லாத ஒரே ஆள் அவன்தான்.

'போரும் வாழ்வும்' வேண்டும் என்கிறவரைத் தடுக்காதீர்கள், தனியாக வாசிக்கட்டும். டி.எஸ். சொக்கலிங்கம் மொழிபெயர்ப்பு உண்டு. அத்தியாயம் 361, பெரும்பாலும் சின்னச் சின்னது. நாளுக்கு ஒன்று என்றால் ஒரு வருடம். ரொஸ்தவ், பொல்கோன்ஸ்கி, பெஸுகவ், குராகின், த்ருபெத்ஸ்கோய் என்று ஐந்து வீடு எழுதிவைத்து, வருகிற ஆளை அந்தந்த வீட்டில் சேர்த்துக்கொண்டே போகவேண்டும். முதல் காட்சி விருந்தில் எல்லோரும் பிரெஞ்சு பேசுவார்கள், யாரும் மனதில் நிற்கமாட்டார்கள். அதற்குப் பயப்படவேண்டாம், டால்ஸ்டாய் திரும்பத் திரும்ப அறிமுகப்படுத்துவார். கடைசிப் பின்னுரையின் இரண்டாம் பகுதி வரலாற்றுத் தத்துவக் கட்டுரை. அதில் நின்றுபோனால் குற்றமில்லை, கதை அதற்கு முன்பே முடிந்துவிட்டது.

அண்ணாச்சிமார் சண்டைக்கு அந்த நாவலில் ஒரு இடம் இருக்கிறது. நிக்கொலாய் ரொஸ்தவ் சீட்டாட்டத்தில் தோலகவிடம் 43,000 ரூபிள் தோற்கிறான். அப்பா அப்போதுதான் இரண்டாயிரம் கொடுத்து மே மாதம்வரை இதுதான் என்று சொல்லியிருக்கிறார். செத்துவிடலாம் என்று வீட்டுக்கு வருகிறான். அங்கே தங்கை நத்தாஷா பாடிக்கொண்டிருக்கிறாள். பாட்டு உச்சத்துக்கு ஏறும்போது அவனும் கூடவே பாடிவிடுகிறான். அந்த நிமிஷம் கடன், தோலகவ், மானம் எதுவும் பொருட்டில்லை. பாட்டு முடிந்ததும் 43,000 அப்படியே இருக்கிறது. அப்பாவிடம் போய்ச் சொல்லியாகவேண்டும்.

சங்குத்துறை:
அந்த மூன்று நாலு அத்தியாயத்தை நகலெடுத்து அக்டோபரில் 'இவான் இலியிச்'சோடு கொடுத்துவிடுங்கள் அக்கா. எனக்கும் வேளிமலைக்கும் ஆளுக்குப் பாதி.

வேளிமலை:
சம்மதம். நவம்பர் செகாவுக்கு 'ஆறாவது வார்டு' (1892), 'பள்ளத்தாக்கில்' (1900) இரண்டும் போதும். 'பள்ளத்தாக்கில்' வாசிக்கும்போது கள்ளநாணயம் எந்தெந்தக் கைக்குப் போகிறது என்று குறித்துக்கொண்டே வரச் சொல்லுங்கள். அக்ஸீனியா கொதிநீரைத் தூக்கும் பக்கத்துக்கு வரும்போது செங்கல் சூளை நிலம் யார் பெயரில் எழுதியிருக்கிறது என்பதும் நினைவில் இருக்கவேண்டும். மெல்லிய மனசுக்காரர்கள் இருந்தால் அந்தப் பக்கத்தைப் பற்றி முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், கைக்குழந்தை விஷயம்.